62 சதவீதம் என்பது விடையல்ல

வடக்கு லண்டனில் நலவுரிமை ஆலோசகராகப் பணிபுரியும் எனக்குத் துருக்கி மொழி பேசும் குடும்பங்களின் விண்ணப்பங்கள் புதியவை அல்ல. ஆனால் அண்மையில் பார்த்த ஒரு படிவத்தின் நகல், இதை எழுதியே ஆகவேண்டும் என்ற நிலைக்கு என்னைத் தள்ளிவிட்டது. தையல் ஆலையில் நெடுங்காலம் உழைத்து, முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ஒரு பெண்மணிக்காக அவருடைய மகன் நிரப்பிய ஊன உதவித்தொகைப் படிவம் அது. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குச் செல்வது, நடப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் எழுதப்பட்டிருந்தது: "62 சதவீதம் டிசேபிள்டு. அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது." முடிவுக் கடிதத்தில் பன்னிரண்டிலும் பூஜ்ஜியப் புள்ளி.

மகன் பொய் சொல்லவில்லை, சோம்பலும் படவில்லை. துருக்கியில் அந்த எண்ணுக்கு உண்மையாகவே பெரும் மதிப்பு உண்டு. அங்கே அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் பல துறை மருத்துவர்கள் அடங்கிய குழு ஒருவரைப் பரிசோதித்து, ஒவ்வொரு குறைபாட்டுக்கும் அட்டவணைப்படி ஒரு சதவீதம் வழங்கி, கடைசியில் மொத்த விகிதம் ஒன்றை எழுதி, வரிசையாக முத்திரை குத்திக் கையொப்பமிடுகிறது. அந்த விகிதம் 40 சதவீதத்தைத் தொட்டால் 'எங்கெல்லி' (ஊனமுற்றவர்) அடையாள அட்டை, வருமானவரிக் கழிவு, வேலைவாய்ப்பு ஒதுக்கீடு என்று கதவுகள் திறக்கத் தொடங்குகின்றன. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் 3 சதவீத இடங்களில் இத்தகையவர்களை அமர்த்தவேண்டும் என்று 4857 எண் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. 60, 80, 90 என்று விகிதம் ஏற ஏறச் சலுகையின் தன்மையும் மாறுகிறது. எனவே, துருக்கியிலிருந்து வரும் ஒருவர் "எனக்கு எத்தனை சதவீதம்" என்பதையே தம் நிலைமையின் முழு விவரமாகக் கருதுவதில் வியப்பில்லை. இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதத்தையே எல்லையாக வைத்திருப்பதால், லண்டனுக்கு வந்த நம்மவர்கள் சிலரும் இதே தவறைச் செய்வதை நான் பார்க்கிறேன். இதைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சதவீதத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவிக் கிடக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. '62 சதவீதம்' என்றால் அந்த மனிதர் நூற்றில் 62 பங்கு செயலற்றவர், மீதி 38 பங்கு நலமாக இருக்கிறார் என்று பொருள் கொள்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. அது அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டு, ஒரு சூத்திரத்தால் இணைக்கப்பட்ட நிர்வாக எண். ஒருவருக்கு முதுகெலும்புப் பிரச்சினைக்கு 50, செவித்திறன் குறைவுக்கு 20 என்று வந்தால் மொத்தம் 70 ஆகாது, 60 ஆகும். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி 50 சதவீதம், அதன்மேல் மேலும் 20 சதவீதம் என்று அறிவித்தால் இரண்டாவது கழிவு எஞ்சிய பாதி விலைக்குத்தானே கிடைக்கும்? அதே கணக்குதான். பால்தசார் சூத்திரம் என்று அதற்குப் பெயர். எத்தனை நோய்கள் சேர்ந்தாலும் இந்தக் கூட்டல் நூறைத் தாண்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதைக்கொண்டு அந்தப் பெண்மணியால் காலையில் தேநீர்க் கெண்டியைத் தூக்க முடியுமா என்று எவராலும் சொல்ல இயலாது. 62 சதவீதம் பெற்ற ஒருவர் தனியாகச் சமைத்து, தனியாகப் பேருந்தில் செல்லலாம். 45 சதவீதம் பெற்ற இன்னொருவருக்குச் சட்டைப் பொத்தான் போடவும் ஆள் தேவைப்படலாம். துருக்கிக்குள்ளேயே இந்த எண் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. 'மாலுல்' (உழைக்க இயலாதவர்) என்ற நிலையில் ஓய்வூதியம் பெறுவதற்கு, உழைக்கும் திறனில் குறைந்தது 60 சதவீதத்தை இழந்துவிட்டதாகச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மருத்துவக் குழு தனியாக முடிவு செய்யவேண்டும். 'எங்கெல்லி' அறிக்கையில் 60 இருப்பதால் மட்டும் அது கிடைத்துவிடாது. குழந்தைகளுக்கோ 2019 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் சதவீதத்தையே எடுத்துவிட்டு, சிறப்புத் தேவை எந்த அளவில் உள்ளது என்று சொற்களால் குறிக்கின்றன. ஆகவே, குழந்தையின் அறிக்கையில் எண் இல்லையே என்று பதறவேண்டாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'டிசேபிலிட்டி' என்ற ஒரே சொல் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. அகராதி அவ்விரண்டையும் 'எங்கெல்லி' என்றே தந்துவிடுகிறது. பிப் எனப்படும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அது புள்ளிக்கணக்கு. அன்றாட வாழ்வு சார்ந்த பத்துச் செயல்கள், நடமாட்டம் சார்ந்த இரண்டு செயல்கள். ஒவ்வொரு பிரிவிலும் 8 புள்ளிகள் பெற்றால் சாதாரண விகிதம், 12 பெற்றால் உயர் விகிதம். சமையல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். புதிய சமையல் பொருட்களைக் கொண்டு ஒருவருக்கு மட்டும் எளிய உணவு ஒன்றைச் சமைப்பதைத்தான் அது கேட்கிறது. அதற்குத் துணைக்கருவி தேவையென்றால் 2 புள்ளி. அடுப்பைத் தொட முடியாமல் மைக்ரோவேவில் மட்டும் முடியுமென்றாலும் 2. இன்னொருவர் கண்காணிக்கவோ உதவவோ வேண்டுமென்றால் 4. எந்த வகையிலும் முடியாதென்றால் 8. பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையானபோதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்று பார்க்கவேண்டும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. இதில் நோயின் பெயருக்கும் சதவீதத்துக்கும் புள்ளி கிடையாது. பிரிட்டனில் சதவீதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேலையிடத்து விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் வழங்கும் உதவித்தொகை பொதுவாக 14 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது; ஆனால் அந்தச் சதவீதத்தையும் இங்குள்ள மதிப்பீட்டாளர்தான் முடிவு செய்வார்.

இரண்டாவது வேலையைச் செய்வது 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். அன்றாடச் செயல்களைச் செய்யும் திறனில் கணிசமான, நீண்டகாலப் பாதிப்பை உண்டாக்கும் உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் அச்சட்டத்தின் பார்வையில் ஒருவர் 'டிசேபிள்டு'. 'நீண்டகாலம்' என்பது பன்னிரண்டு மாதம் அல்லது அதற்கு மேல். 'கணிசமான' என்பது அற்பமானதைவிட அதிகம் என்ற அளவே, பெரும் பாதிப்பு என்றல்ல. புற்றுநோய், எச்.ஐ.வி., மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிய மூன்றுக்கும் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. மருந்தால் நோய் கட்டுக்குள் இருந்தாலும், மருந்தே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட வேண்டும் என்பது சட்டம். கண்ணாடி போட்டால் சரியாகும் பார்வைக் குறைவு மட்டும் அதற்கு விலக்கு.

அந்த மகனுக்கே சிறு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. கிடங்கு ஒன்றில் வேலை. சர்க்கரை இறங்கும்போது ஐந்து நிமிடம் உட்கார மேற்பார்வையாளர் அனுமதிப்பதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேலையில் சேரும்போது படிவத்தில் இருந்த 'டிசேபிலிட்டி' கட்டத்தில் என்ன குறித்தீர்கள் என்று கேட்டேன். "இல்லை என்றுதான், நான் எங்கெல்லி இல்லையே" என்றவரின் முகத்தில் நான் அவரை ஏதோ இழிவாகப் பேசிவிட்டதைப் போன்ற வாட்டம். இன்சுலின் இன்றி வாழ முடியாத அவர் பெரும்பாலும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார். இடைவேளை கேட்பது அவருக்குச் சலுகை அல்ல, முதலாளி செய்து தரவேண்டிய நியாயமான மாற்றம். தாயின் பெயரில் சொல்லை அளவுக்கு மீறி நம்பியவர், தம் பெயரில் அதே சொல்லை அளவுக்கு மீறி ஒதுக்கியிருக்கிறார். இரண்டாலும் இழப்பு அந்த வீட்டுக்குத்தான்.

சொல்லின் மரியாதை பற்றி ஒன்று. 'சகத்', 'ஓசுர்லு' என்ற பழைய சொற்களைத் துருக்கி நாடாளுமன்றம் 2013-இல் 6462 எண் சட்டத்தின் மூலம் நீக்கி, சட்ட நூல்களில் 'எங்கெல்லி' என்று மாற்றியது. 'எங்கெல்' என்றால் தடை. தடையோட்டப் பந்தயத்துக்கும் அதே சொல்தான். அடுத்த ஆண்டே, சமூகத்தின் மனப்பான்மையும் சுற்றுச்சூழலும் ஒருவருடைய பங்கேற்பைக் கட்டுப்படுத்துவதையே மையமாக்கி வரையறையும் திருத்தப்பட்டது. பிரிட்டனில் 1970-களிலிருந்து ஊனமுற்றோர் இயக்கங்கள் முன்வைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே: உடலின் குறைபாடு வேறு, படிக்கட்டும் பாரபட்சமும் சேர்ந்து ஒருவரை முடக்குவது வேறு. ஆனால் மருத்துவமனை முகப்பில் இன்றும் கேட்கப்படுவது சதவீதம். சமத்துவச் சட்டத்தின் வரையறையும் உடலிலிருந்தும் மனத்திலிருந்தும்தான் தொடங்குகிறது. எனவே, ஆங்கிலச் சொல் முற்போக்கானது, துருக்கிச் சொல் பின்தங்கியது என்று உரை நிகழ்த்துபவர்களிடம் எனக்கு ஒட்டுதல் இல்லை. 1950-இல் அங்காராவில் தொடங்கிய 'ஆறு புள்ளிப் பார்வையற்றோர் சங்கம்' குருடர் என்று பொருள்படும் பழைய சொல்லை இன்றுவரை தன் பெயரில் வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர்களுக்கு அதில் வெட்கமில்லை. மரியாதைச் சொல்லைத் தேடுவதில் செலவழிக்கும் அக்கறையில் பாதியைப் படிவத்தைப் படிப்பதிலும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். துருக்கி அறிக்கையில் செல்லுபடிக் காலத்துக்கான வரியில் 'சுரெலி' என்றிருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். 'சுரெக்லி' என்றிருந்தால் நிரந்தரம். இடையில் ஒரே ஓர் எழுத்து. மங்கிய நகலில் அந்த எழுத்தை விட்டுவிட்டு, நிரந்தரப் பாதிப்பைத் தற்காலிகம் என்று மொழிபெயர்த்த தாள் ஒன்றை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். தயவுசெய்து மூல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சதவீதத்தை மட்டும் பெயர்த்துவிட்டுச் சும்மா இருக்காமல், அதன் மேலே மருத்துவர்கள் எழுதிய கண்டறிதல்களையும் வரி தவறாமல் பெயர்த்துக் கொடுங்கள். இங்கு பயன்படுவது அந்தப் பகுதிதான்.

குடும்பங்கள் அறிக்கையை இணைக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அதை விடையாக எழுதாதீர்கள். 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லும் விடையல்ல. மூடியைத் திறக்க முடியாமல் மருமகள் வரும்வரை காத்திருப்பது, கொதிநீர் கையில் கொட்டியது, ஒரு காயை நறுக்கியபின் அரை மணிநேரம் கையை ஒத்தடத்தில் வைத்திருப்பது என்று நடப்பதை நடந்தபடி எழுதுங்கள். மதிப்பீட்டாளர் தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது, "சோக் சுக்குர், நன்றாக இருக்கிறேன்" என்று துருக்கிய வீடுகளில் பழக்கதோஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். நம் வீடுகளில் "ஏதோ கடவுள் புண்ணியத்தில் ஓடுகிறது" என்பதைப்போல அது இறைவனுக்குச் சொல்லும் நன்றி. கேட்பவர் அதை உடல்நல அறிக்கையாகக் குறித்துக்கொள்கிறார். அன்று ஒருநாள் மட்டும் நன்றியை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். கழிப்பறைக் கேள்விக்குப் பாட்டி அவள் முன்னால் எப்படி உண்மை பேசுவார்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் கட்டணமின்றி ஏற்பாடு செய்வார்கள். துருக்கியின் மராஷ் பகுதியிலிருந்து வந்த பல மூத்தவர்களுக்குத் துருக்கி மொழியைவிடக் குர்மாஞ்சி என்ற குர்து மொழிதான் நாவில் வரும். அப்படியானால் குர்மாஞ்சி என்றே கேளுங்கள். துருக்கிக்குத் திரும்புவோருக்கும் ஒரு வார்த்தை: இங்கே உயர் விகிதத்தில் பிப் பெற்றவர் என்ற கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை, அங்குள்ள மருத்துவக் குழுவின் முன் புதிதாக நிற்கவேண்டும்.

பூஜ்ஜியம் வந்துவிட்டால் அழுதுவிட்டுக் கடிதத்தை இழுப்பறையில் போடாதீர்கள். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. தாமதமானால் தக்க காரணத்தை எழுதிக் கேளுங்கள், ஏற்க வாய்ப்புண்டு. அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. தையல் ஆலைப் பெண்மணியின் மறுபரிசீலனைக் கடிதத்தை மகனோடு உட்கார்ந்து எழுதினோம். அதில் 62 என்ற எண் ஓரிடத்தில் மட்டும், இணைப்புகளின் பட்டியலில் வருகிறது.