வன்னிக்கு வரும் அனர்த்த எச்சரிக்கைகள்: யார் அறிவிக்கிறார்கள், நமக்கு உரியது என்ன

மாரி வலுக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வன்னியில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் எச்சரிக்கைகள் வந்து குவிகின்றன. ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தினுடையது, அடுத்தது நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது, இன்னொன்று யார் பேசியதென்றே தெரியாத குரல்பதிவு. இவற்றுள் எது எந்த ஆபத்தைப் பற்றிப் பேசும் அதிகாரம் உடையது என்பதை அறிந்திருந்தால், எந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதை ஒரு குடும்பம் தானே தீர்மானித்துக்கொள்ளும்.

ஆழிப்பேரலையின் பின்னர் நிறைவேற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டமே இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. ஆபத்தைக் கணிப்பது துறைசார் திணைக்களங்களின் பொறுப்பு. அவற்றின் அறிவித்தலை மக்களிடம் கொண்டுசேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பு. அறிவித்தல், மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அந்நிலையத்தின் பிரிவுக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும், கடைசியாகக் கிராம அலுவலருக்கும் வந்து சேர்கிறது. 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் எவரும் விபரம் கேட்கலாம்.

மழை, காற்று, புயல், கடற்கொந்தளிப்பு ஆகியவற்றைப் பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் பேசுகிறது. அதன் அறிவித்தல்களில் செம்மஞ்சள் ஆயத்தமாகச் சொல்கிறது, சிவப்பு உடனே செயற்படச் சொல்கிறது. 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பலத்த மழையாகவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டுவது மிகப் பலத்த மழையாகவும் குறிப்பிடப்படுகின்றன. இங்கே உறைபனி விழுவதில்லை என்பதால் குளிரைப் பற்றி நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது, திறந்தவெளிப் பட்டிகளில் நனைந்து நின்ற மாடுகளும் ஆடுகளும் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையாக இறந்துபோயின. அறிவித்தலில் குளிர் என்ற சொல் இல்லாவிட்டாலும், பலத்த காற்றும் விடாத மழையும் ஒன்றாகச் சொல்லப்படும் நாளில் கன்றுகளையும் சினைமாடுகளையும் காற்று மறைவான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வன்னியில் மழையைவிட, மேலே இருந்து வந்து சேரும் வெள்ளமே பெரும்பாலும் ஆபத்தானது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு நீரைக் கொண்டுவருகிறது. குளம் தன் முழுக்கொள்ளளவான 36 அடியை நெருங்கும்போது மேலதிக நீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன. அந்த நீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை வழியாகச் சுண்டிக்குளம் கடனீரேரியை நோக்கிப் பாய்கிறது. ஆகவே கண்டாவளையில் வானம் வெளித்திருந்தாலும் வவுனியாவில் பெய்த மழை அங்கே வெள்ளமாகலாம். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளம் இதை எல்லோருக்கும் உணர்த்தியது. மன்னார்ப் பக்கத்தில் மடு, நானாட்டான், முசலி மக்கள் அருவியாற்றின் மேற்பகுதியிலுள்ள தந்திரிமலையில் அளக்கப்படும் நீர்மட்டத்தைப் பற்றிய நீர்ப்பாசனத் திணைக்கள அறிவித்தலைக் கவனிக்க வேண்டும். வான்கதவு திறக்கப்படும் செய்தி இரவில் கமக்காரர் அமைப்பினூடாக வீடு வீடாகச் சொல்லப்படுவதற்கான ஒழுங்கைக் கார்த்திகைக்கு முன்னரே செய்துகொள்வது நல்லது. தொலைபேசிக்கு மின்னேற்றம் இல்லாத இரவில்தான் வெள்ளம் வருகிறது என்பது இங்குள்ளவர்களின் அனுபவம்.

கரையோரத்தில் ஆற்று வெள்ளமும் கடல்நீரும் சந்திக்கின்றன. நந்திக்கடல் கடனீரேரி நிரம்பி வழியும் நேரத்தில் கடலும் உயர்ந்து நின்றால், வட்டுவாகல் முகத்துவாரத்தினூடாக நீர் வெளியேற இடமின்றிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் ஏறிவிடும். எனவே முல்லைத்தீவுக் கரையில் வாழ்வோர் மீனவருக்கான கடல் அறிவித்தலையும் ஆற்று வெள்ள அறிவித்தலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

நில அதிர்வின் நிலை வேறு. அதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "நாளை பூகம்பம்" என்று வரும் செய்தி எதுவும் உண்மையான அறிவித்தல் அல்ல. நிகழ்ந்த அதிர்வைப் பதிவு செய்வது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். கடலடியில் பெரிய அதிர்வு ஏற்பட்டால் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் தரும் தகவலைக் கொண்டு வளிமண்டலவியல் திணைக்களம் சுனாமி எச்சரிக்கை விடுக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராக் கடலில் அதிர்வு நிகழ்ந்தபின் நமது கிழக்குக் கரைக்கு அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. அந்த இடைவெளியில் நமக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி எச்சரிக்கை வந்தது, மக்கள் வெளியேறினார்கள், பேரலை வரவில்லை. அன்று வெளியேறியதை வீண் அலைச்சலாக எவரும் நினைக்கக் கூடாது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், எந்த அறிவித்தலுக்கும் காத்திராமல் மேட்டு நிலத்துக்குச் செல்ல வேண்டும்.

இடம்பெயர்ந்து தங்குவோருக்குப் பாதுகாப்பான இடமும் சமைத்த உணவும், பின்னர் உலர் உணவும் பிரதேச செயலகத்தினூடாக வழங்கப்படுகின்றன. தொகையும் காலமும் அவ்வப்போது வெளியாகும் சுற்றறிக்கைகளைப் பொறுத்தவை. வீட்டுச் சேதத்தைக் கிராம அலுவலரிடமும், பயிரழிவைக் கமநல சேவை நிலையத்திலும், படகு, வலை இழப்பைக் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவும் முன், சுவரில் நீர் நின்ற அடையாளத்தைப் படம் பிடித்து வையுங்கள். அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணிப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை நீர் புகாத உறையில் இட்டு வைத்தால் பதிவு செய்வது இலகுவாகும்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. விளங்காத மொழியில் ஓர் எச்சரிக்கையோ விண்ணப்பப் படிவமோ கைக்கு வந்தால், தமிழ்ப் பிரதியைத் தருமாறு பிரதேச செயலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.