வெள்ளியங்கிரி ஏறியவருக்கும் லேயில் மூச்சு முட்டும்

ஐம்பது வயதைக் கடந்த கும்பகோணத்து வியாபாரி ஒருவர், கோடை விடுமுறையில் குடும்பத்தோடு விமானத்தில் லடாக்கின் லே நகரில் இறங்கி, மறுநாளே ஹெமிஸ் மடாலயத்துக்கு மேலே உள்ள கோட்சாங் மடத்துக்கு ஏறியிருக்கிறார். ஒரு மணி நேர ஏற்றம்தான். அன்றிரவு தலைவலியும் வாந்தியும் வந்தபோது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணித் தூக்க மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். விடிவதற்குள் நுரை தள்ளும் இருமல். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மைத்துனர் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றதால் பிழைத்தார். ஆண்டுதோறும் இதே கதையைக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

"வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவன் டாக்டர், எனக்கு எப்படி?" என்கிறார். வெள்ளியங்கிரி 2,000 மீட்டரைக்கூட எட்டாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். லேயோ 3,500 மீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய நம் டெல்டாவில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். வெள்ளியங்கிரி சோதித்தது உங்கள் காலையும் நெஞ்சுரத்தையும். இந்த உயரத்தை உங்கள் உடம்பு ஒருநாளும் சந்தித்ததில்லை. தினசரி நடை, யோகா, இளவயது எதுவும் இதற்குக் காப்பு அல்ல. வலுவுள்ளவர்தான் வேகமாக ஏறி, தலைவலியைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறுகிறார். மூச்சு முட்டுகிறதென்று கற்பூரம் முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி தெரியும்; இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

லேயில் இறங்கிய முதல் இரண்டு நாளும் ஓய்வெடுங்கள்; சுற்றுலா ஏற்பாட்டாளர் மறுநாளே மடாலயம் என்று அட்டவணை போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை, பொதுவாகப் பயணத்துக்கு முந்தைய நாளே, மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் தொடங்குங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அவரிடம் அவசியம் சொல்லுங்கள். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் வாருங்கள், எடுத்த பிறகு அல்ல.

உயரத்தில் தலைவலியோடு வாந்தி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலைநோயே. அதற்குமேல் ஓரடியும் ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்; கீழே இறக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளின் விடுமுறை கெட்டுவிடுமே என்று தலைவலியை மறைக்கும் அப்பாக்களே, அம்மாக்களே, தயவுசெய்து அன்றிரவே சொல்லிவிடுங்கள்.