ஹைபிரிட்: பன்றிக்குட்டியில் தொடங்கிய சொல்

“நாடா, ஹைபிரிட்டா?” தக்காளிக் கூடைமுன் போய் நின்றால் கடைக்காரர் கேட்பார். நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, புளிப்பு தூக்கல். பையின் அடியில் போட்டுவிட்டால் வீடு சேர்வதற்குள் பாதி ரசம் வைத்தாயிற்று. ஹைபிரிட் கெட்டித் தோலோடு நாலு நாள் தாங்கும். அவரைப் பொறுத்தவரை ஹைபிரிட் என்றால் கெட்டித் தோல், அவ்வளவுதான். ஆனால் சொல் பிறந்தது தோலை வைத்து அல்ல, தாய் தகப்பனை வைத்து.

லத்தீனில் ‘ஹிப்ரிடா’ என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் இதைக் குறித்திருக்கிறார். ரோமானியர்கள் அதோடு விடவில்லை. ரோமானியருக்கும் அயலாருக்கும் பிறந்த மனிதர்களையும் அப்படியே அழைத்தார்கள். கி.மு. 63இல் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவோடு, ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியில் இருந்தவரின் பெயரே காயுஸ் அன்டோனியுஸ் ஹிப்ரிடா. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்த சொல், 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகப் புழங்கியது.

காடும் வீடும் கலந்த அந்தப் பழைய பொருளுக்கு அச்சாகப் பொருந்தும் ஒன்று கோயம்புத்தூரில் பிறந்தது. 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சி.ஏ. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் என்னும் விஞ்ஞானிகள் சாறு மிகுந்த கரும்பை, தானாக முளைக்கும் நாணல் வகைக் காட்டுக்கரும்போடு கலந்தார்கள். நாணலில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் எதையும் தாங்கும் முரட்டுத்தனம் உண்டு. அப்படி வந்த கோ 205 ரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆடு, மாடு, செடி, கொடிக்குக் ‘கலப்பினம்’ நன்றாகவே பொருந்துகிறது. கலப்பினப் பசு என்றால் எல்லோருக்கும் புரியும், பேச்சில் ‘ஜெர்சி கிராஸ்’ என்றாலும். விதை விஷயத்தில் வேளாண் துறை ‘வீரிய ஒட்டு’ என்கிறது. இதில் ‘வீரியம்’ அருமையான தேர்வு: இரு வேறு ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறை பெற்றோரைவிடத் திடமாக வருவதுண்டு, அந்தத் திடம் பெயரிலேயே இருக்கிறது. அந்தச் செடியில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் செடிகள் ஒன்றுபோல வராது, அதனால்தான் பருவத்துக்குப் பருவம் பாக்கெட் வாங்குகிறோம். ‘ஒட்டு’தான் இடறுகிறது. ஒட்டு மாங்கன்று என்பது ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றின் தண்டில் பொருத்துவது; அங்கே மகரந்தக் கலப்பே இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், ஹைபிரிட் விதையையும் யாரோ ஒட்டுப் போட்டுத் தயாரித்ததாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு கலப்பினத்துக்கே.

இப்படிக் கலந்து பிறந்த பிராணி ஒன்றுக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு. சிலப்பதிகாரத்தில் கடலாடப் போகும்போது மாதவி வண்டியில் ஏறுகிறாள், கோவலன் ஏறுவது அத்திரி. அத்திரி என்றால் கோவேறு கழுதை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது.

அப்புறம், ‘கலப்பினக் கார்’ என்று எழுதுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. காருக்கு ஏது இனம்? பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் ஒரே வண்டியில் சேர்ந்து ஓட்டுகின்றன. ‘இரட்டை இயக்கக் கார்’ என்றால் போதும். வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்னும் வேலைமுறைக்கும் கலப்பினம் வேண்டாம், ‘கலப்புமுறைப் பணி’ என்னலாம். ஆனால் எதையும் ‘கலப்பட’மாக்கிவிடக் கூடாது. அந்தச் சொல் பாலில் தண்ணீர் ஊற்றுபவருக்கும் மிளகில் பப்பாளி விதை சேர்ப்பவருக்கும் உரியது.