மருந்து முழுதாக, சோறு அரையாக

2022 செப்டெம்பரில் ஒரு நாள், இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் கிளினிக் வரிசையிலேயே கிறங்கிச் சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, விரல்களில் நடுக்கம். குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 48, மிகவும் குறைவு. சர்க்கரை கூடுகிறது என்றுதான் அவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்கிளசைட் மாத்திரை கொடுத்து வந்தோம். நினைவு இருந்ததால் சீனித் தண்ணீர் குடிக்க வைத்தோம். கொஞ்சம் தெளிந்ததும், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"மாத்திரையைச் சரியாகப் போட்டுவிட்டேன் டொக்டர்."

நான் கேட்டது அதுவல்ல. அன்று வெறும் வயிற்றுப் பரிசோதனையும் இல்லை. மெல்ல மெல்லத்தான் சொன்னார். கணவர் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் மீன்பிடித் தொழில் செய்பவர். ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவோடு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. ஒருமுறை போய்வர 20 லீற்றர் என்றால், 1,740 ரூபாயாக இருந்த செலவு 6,800 ஆகிவிட்டது. மீன் படாத நாளில் அவ்வளவும் கடன். படகு கரையில் ஏறியது. வீட்டில் முதலில் மீன் நின்றது, பிறகு முட்டை, அதன் பிறகு அம்மாவின் காலைச் சாப்பாடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டுமே! அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம் என்பதால் மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

நாட்டில் டொலர் இல்லாதபோது மண்ணெண்ணெய் மானியத்தை எப்படித் தொடர்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விலை ஓர் இரவில் வந்து சேர்ந்தது. நிவாரணம் அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதையும் யாரோ ஒரு மேசையில் இருந்துதான் தீர்மானித்தார்கள்.

மனிதர் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதுமை அடையும் சூழலே நோயைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணைக்குழு 2008இல் எழுதியது. திருகோணமலைக்காரருக்கு அதை அறிக்கையில் படிக்க வேண்டியதில்லை. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், காணியை எடுத்த வர்த்தமானி 2015இல் ரத்தாகும் வரை, கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரத்துக்குக் கீழே காத்திருந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளையின் இருமலுக்குப் பாணி மருந்து எழுதலாம்; தகரத்துக்கு என்ன எழுதுவது?

சாப்பாடு குறைந்திருந்தால் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையின் அளவு சோற்றின் அளவைப் பார்த்துத்தான். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிள்ளையின் நிறை ஏறவில்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் திரிபோஷா சத்துமா பற்றிக் கேளுங்கள். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அலைய வைப்பார்கள், ஆனாலும் போங்கள்.

அந்த அம்மாவின் கொப்பியில் மாத்திரையைப் பாதியாக்கி எழுதினேன். அதற்குக் கீழே, "படகு கடலுக்குப் போகவில்லை" என்றும் எழுதினேன். அடுத்த மாதம் அவரைப் பார்த்தவர் வேறொரு டொக்டர். அந்த வரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.