ஸ்ப்ளிட்ஸ் பழகும் பிள்ளையின் தோளை அழுத்தாதீர்கள்

என்னிடம் சிகிச்சைக்கு வந்த 13 வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பக்கத்தை மட்டும் நாற்காலியில் ஊன்றி, மறுபக்கத்தைத் தூக்கியபடியே அமர்ந்தாள். வலிக்கும் இடத்தைக் கேட்டதும், பிட்டத்தின் அடியில் எலும்பு தட்டுப்படும் புள்ளியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாள். ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நேராக நீட்டித் தரையில் இறங்கும் ஸ்ப்ளிட்ஸை வீட்டில் பழகும்போது, தரையைத் தொட நான்கு விரற்கடைதானே பாக்கி என்று அம்மா அவள் தோளை அழுத்தியிருக்கிறார். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. தொடையின் பின்தசை பற்றியிருக்கும் எலும்பிலிருந்து சிறு துண்டு பெயர்ந்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது.

பெரியவர்களுக்குத் தசை கிழியக்கூடிய இழுப்பில், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பே பெயர்ந்துவிடலாம். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் அந்தத் தசை இடுப்பெலும்பில் சேரும் பகுதி, பதின்பருவம் முழுவதும் வளரும் குருத்தெலும்பாலேயே இணைந்திருப்பதுதான் காரணம். மளமளவென்று உயரம் கூடும் மாதங்களில், முன்பு எளிதாக வளைந்த பிள்ளையும் இறுகிப்போவது உண்டு. அதைச் சோம்பல் என்று தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள்.

ஓடியோ ஸ்கிப்பிங் ஆடியோ 5 முதல் 10 நிமிடங்களில் உடல் லேசாக வியர்த்த பிறகே கால்களை நீட்டத் தொடங்க வேண்டும். பெற்றோர் பலரும் முன்காலையே பார்க்கிறார்கள். ஆனால் பின்காலின் இடுப்பு முன்புறம் இறுகியிருப்பதால்தான் பல பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள். ஆகவே, ஒரு முழங்காலைப் பாயில் ஊன்றி, மறுகாலை முன்னே மடக்கி வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மெல்ல முன்னே நகர்த்தும் பயிற்சியை முதலில் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 30 விநாடிகள் வரை, இரண்டு மூன்று முறை, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் செய்தால் போதும். ஸ்ப்ளிட்ஸில் இறங்கும்போது, மடித்த போர்வைகளை அடியில் அடுக்கி, இருபுறமும் உறுதியான முக்காலிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாரங்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு மடிப்பாகக் குறையுங்கள். குதித்துக் குதித்து இறங்குவது கூடாது. பிள்ளை உங்களோடு இயல்பாகப் பேசிக்கொண்டே இருக்க முடிந்தால் இழுப்பு அளவோடு இருக்கிறது. மூச்சை அடக்கினால் அதிகமாகிவிட்டது. இழுப்பு தொடையின் நடுவில் தெரியலாம். பிட்டத்தடியிலோ, முழங்காலின் பின்னாலோ, கவட்டியிலோ வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

கட்டைவிரல் மணிக்கட்டைத் தாண்டி முன்கையைத் தொடுகிற, முழங்கை பின்னோக்கி வளைகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை தசை வலு. இன்னும் அதிகமாக நீட்டுவது மூட்டுகளையே தளர்த்தும். கால்களை இருபுறமும் விரிக்கும் பக்கவாட்டு ஸ்ப்ளிட்ஸைப் பொறுத்தவரை, இடுப்புக் குழியின் அமைப்பே சிலருக்கு இடம் தராது.

சத்தத்தோடு வலி வந்தாலோ, பிள்ளை நொண்டி நடந்தாலோ, அன்றே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சுளுக்கு என்று எண்ணி, இரண்டு வாரம் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருந்தார்கள்.