வால் பிடிப்பவரால் முன்னால் போகிறவருக்கு என்ன லாபம்?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சாகசத் தொடர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மலைப்பாதையில் ஓடுவார், ஒருவர் ஆற்றில் கயாக் வலிப்பார், நடுவில் சைக்கிள் இவர் பங்கு. “யாராவது ஒருவர் பின்னால் ஒட்டிக்கொள், பாதி வேலை மிச்சம் என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால், முன்னால் போகிறவரின் உழைப்பை நான் திருடுகிறேனா?”

முதல் கேள்விக்கு ‘பாதி இல்லை, ஆனால் கணிசம்தான்’ என்று சொல்லிவிட்டு நகரலாம். என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாவது கேள்விதான்.

சமதரையில் சைக்கிள்காரருக்கு முக்கிய எதிரி காற்று என்பது தெரிந்ததே. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்காகச் செலவாவது 24 வாட் அளவுதான். அதே ஆள் 36-இல் போனால் 190 வாட் சொச்சம். வேகம் இரண்டு மடங்கு, செலவு எட்டு மடங்கு. டயர் சாலையில் உருளும் தடைக்கு இன்னொரு 40 வாட். மொத்தம் 230 வாட்டை ஒன்றரை மணி நேரம் விடாமல் தருவது நல்ல பயிற்சி உள்ளவருக்கே பெரிய வேலை.

இப்போது காற்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நெஞ்சுக்கும் முகத்துக்கும் முன்னால் காற்று முட்டி நெருங்கும், அங்கே அழுத்தம் சற்றுக் கூடும். பிறகு அது தோளையும் இடுப்பையும் சுற்றிப் பின்பக்கம் வர வேண்டும். மீனின் உடம்பு போல வால் நோக்கிச் சீராக மெலிந்தால் காற்று ஒட்டியபடியே வந்து சேர்ந்துவிடும். நம் முதுகு அப்படி இல்லையே. வளைவில் திரும்ப முடியாமல் காற்று உடம்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பின்னால் சுழல்கள் புரளும் ஒரு பகுதி உண்டாகி, அங்கே அழுத்தம் குறைகிறது. முன்னால் கூடுதல், பின்னால் குறைவு: தடையின் பெரும்பகுதி இந்த வித்தியாசம்தான். காற்று தோலில் உராய்வதால் வரும் பங்கு சொற்பம்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது அதே 36-இல், கணக்கில் வரும் அழுத்தம் 60 பாஸ்கல். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனாலும் அது உடம்பின் பரப்பு முழுக்க அழுத்தும்போது, இரண்டு கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை நம்மைப் பின்னால் இழுப்பதற்குச் சமம்.

சரி, பின்னால் வருபவர். அவரை வெற்றிடம் உறிஞ்சி முன்னால் இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சைக்கிள் வேகத்தில் அங்கே வெற்றிடமும் கிடையாது, இழுவையும் கிடையாது. முன்னவர் தன் பின்னால் உள்ள காற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறார். தான் போகும் திசையிலேயே காற்றும் நகர்ந்துகொண்டிருப்பதால் பின்னவருக்கு எதிர்க்காற்று குறைகிறது. நொடிக்கு 10 மீட்டராக இருந்தது 8 மீட்டராகக் குறைந்தால் போதும், இருமடிக் கணக்கில் தடை 64 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். காற்றுச் சுரங்கத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வருகிறது.

இதை உலகுக்குத் தடாலடியாகக் காட்டியவர் அமெரிக்காவின் சார்லஸ் மர்ஃபி. 1899 ஜூனில், லாங் ஐலண்ட் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ஓடும் ரயிலின் பின்னால் மறைப்புக்குள் மிதித்து, ஒரு மைலை 57.8 நொடியில் கடந்தார். 2018-இல் டெனிஸ் முல்லர்-கோரெனெக் ஒரு பந்தயக் காரின் பின்னால் ஒதுங்கி உப்புப் பாலைவனத்தில் மணிக்கு 296 கிலோமீட்டரைத் தொட்டார். மறைப்பு ஏதுமின்றி ஒரு மணி நேரம் மிதித்த ஃபிலிப்போ கன்னாவின் 2022 சாதனை 56.792 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியின் பெரும்பகுதி காற்றுதான்.

இனி எனக்குப் பிடித்த கட்டம். பின்னவர் வந்து ஒட்டிக்கொண்டதும் முன்னவரின் தடையும் குறைகிறது!

முதலில் கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. முன்னவர் ஏற்கெனவே கிழித்துப் போட்ட காற்று அது. பின்னால் வருபவர் அதை என்ன செய்தால் இவருக்கு என்ன? ஆனால் பின்னவரின் நெஞ்சுக்கு முன்னாலும் அழுத்தம் கூடிய ஒரு மெத்தை இருக்கிறது அல்லவா, அது போய் முட்டும் இடத்தைப் பாருங்கள். சரியாக முன்னவரின் முதுகுக்குப் பின்னால், அழுத்தம் குறைந்து கிடக்கும் அந்தக் குழியில். குழி கொஞ்சம் நிரம்புகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. ஆகத் தடையும் சுருங்குகிறது.

பின்னால் நடப்பது முன்னால் எப்படித் தெரியும்? காற்றில் அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் பரவும், நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். சைக்கிளோ நொடிக்கு 10 மீட்டர். அரை மீட்டர் இடைவெளியை அந்தச் சேதி ஒன்றரை மில்லி நொடியில் தாண்டிவிடும். யாரோ பின்னால் வந்துவிட்டார் என்று முன்னவரின் காதுக்குத் தெரியும் முன்பே முதுகுக்குத் தெரிந்துவிடலாம். எவ்வளவு லாபம்? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2013-இல் வெளியிட்ட கணக்கில் அதிகபட்சம் 2.6 விழுக்காடு. நம் 190 வாட்டில் அது 5 வாட். காப்பிக் காசு மாதிரிதான், ஆனால் இலவசம். மனிதருக்குப் பதில் மோட்டார் சைக்கிள் கால் மீட்டர் பின்னால் வந்தால் 8.7 விழுக்காடு என்று அதே குழு பிறகு காட்டியது. படம் பிடிக்கும் வண்டியே பந்தயத்தின் முடிவை மாற்றலாம் என்று அர்த்தம்.

2018-இல் அவர்கள் 121 பேர் கொண்ட கூட்டத்தையே கணினியில் ஓட்டினார்கள். காற்றை ஏறத்தாழ 300 கோடிச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் சூப்பர் கணினியில் போட்ட கணக்கு. கூட்டத்தின் உள்ளே பின்பகுதியில் இருப்பவருக்குத் தடை, தனியாகப் போகிறவரின் தடையில் 5 முதல் 10 விழுக்காடுதான். ‘சைக்கிள் பந்தயத்துக்கு ஏனய்யா ஆராய்ச்சிப் பணம்’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாக்கன் அடிப்படையில் கட்டட இயற்பியல்காரர். உயர்ந்த கட்டடத்தின் அடியில் காற்று எப்படிச் சுழலும், தெருவில் புகை எங்கே தேங்கும் என்பதற்கும் இதே சமன்பாடுகள்தான். சைக்கிளுக்குக் கொடுத்த பணம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீண் எது தெரியுமா? சட்டையில் குத்திக்கொள்ளும் பந்தய எண்ணாக ராசியில்லாத 13 வந்தால் அதைத் தலைகீழாகக் குத்திக்கொள்வது சைக்கிள் பந்தயங்களில் பழைய வழக்கம். நேரா தலைகீழா என்று காற்றுக்குத் தெரியாது. ஓரம் தளர்ந்து படபடத்தால் தெரியும். நான்கு மூலையிலும் ஊசி குத்துங்கள்.

ஏற்றத்தில் இந்த வித்தை அநேகமாகச் செல்லாது. 8 விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறும்போது புவியீர்ப்புக்கு 170 வாட்டுக்கு மேல் போகும், காற்றுக்கு 4 வாட். அங்கே அடுத்தவர் முதுகைத் தேடுவதை விட உங்கள் மூச்சைக் கவனிப்பது மேல். பக்கவாட்டுக் காற்றில் முன்னவர் தரும் காற்று மறைப்பு நேர்பின்னால் விழாது, காற்று வராத பக்கமாகச் சாய்ந்து விழும். அப்போது கொஞ்சம் ஒதுங்கி ஓட்ட வேண்டும். பந்தய விதியையும் படித்துவிடுங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர ட்ரையத்லான்களில் பலவற்றில் ஒட்டிப் போவதே குற்றம்.

அனுமதி இருக்கும் பந்தயத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்தின் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ நல்ல உதாரணம். 1983 முதல் நடப்பது, தென் தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு 243 கிலோமீட்டர். கடற்கரையிலிருந்து 2.2 கிலோமீட்டர் ஓடி சைக்கிளைத் தொட வேண்டும், அப்புறம் 55 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அந்தக் குட்டி ஓட்டத்தில் பலர் உயிரைக் கொடுத்து ஓடுவது நல்ல கூட்டத்தில் இடம் பிடிக்கத்தான்.

உங்கள் தொடர் பந்தயத்தில் அந்த ஓட்டம் உங்கள் காலில் இல்லை, நண்பரின் காலில் இருக்கிறது. 230 வாட்டில் தனியாக 55 கிலோமீட்டர் போக 92 நிமிடம் ஆகும். நான்கு பேர் முறைவைத்து மாறி மாறி முன்னால் போனால், அதே சராசரி உழைப்பில் மணிக்கு 40-ஐ நெருங்கி 83 நிமிடத்தில் முடிக்கலாம். நண்பர் பத்து நொடி தாமதித்து அந்த நான்கு பேரில் ஒருவராகும் வாய்ப்பை நீங்கள் தவறவிட்டால், அந்தப் பத்து நொடியின் விலை எட்டு நிமிடத்துக்கு மேல். ஓட்டக்காரரிடம் இந்தக் கணக்கை இன்றைக்கே காட்டிவிடுங்கள்.