அனுமதி மறுக்கப்பட்டால் கோப்பை மட்டும் பார்க்காதீர்கள்

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கப்போய் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால், பலருடைய கை முதலில் போவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிஹெச்மாட் 777' கட்டளைக்குத்தான். சில நேரம் அது பலித்தும் விடும். ஆனால் மறுப்புக்கு என்ன காரணம் என்பது கடைசிவரை தெரியாது. அந்தக் கணினியில் இயங்கும் எந்தப் பயனரும் எந்த நிரலும் அந்தக் கோப்பைத் திருத்தலாம் என்ற நிலையும் வந்துவிடும்.

ஒவ்வொரு கோப்பிலும் உரிமையாளர் எண், குழு எண், ஒன்பது அனுமதி பிட்டுகள் (உண்டு/இல்லை என்ற குறிகள்) பதிவாகியிருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, பிறர் என்ற வரிசையில் இவற்றைக் கூட்டினால் 644, 755 போன்ற எண்கள் கிடைக்கும். லினக்ஸின் மையமான கெர்னல் இந்த மூன்று இலக்கங்களில் ஒன்றை மட்டுமே பார்க்கும். நீங்கள் உரிமையாளர் என்றால் முதல் இலக்கத்தோடு விஷயம் முடிந்தது. 044 என்று வைத்த கோப்பை மற்ற எல்லாரும் படிக்கலாம், உரிமையாளரால் முடியாது.

குழப்பம் பெரும்பாலும் கோப்புறையில்தான். அங்கே படிக்கும் பிட் என்பது உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிட மட்டுமே. இயக்கும் பிட், அதாவது எக்ஸ், அந்தக் கோப்புறையைக் கடந்து உள்ளே போக. ஆகவே 644 உள்ள கோப்பு, வேறொருவரின் 700 கோப்புறைக்குள் இருந்தால் உங்களால் அதைத் தொடவே முடியாது. கோப்பின் பிட்டுகளை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. ஒரு கோப்பை நீக்குவதைத் தீர்மானிப்பதும் அது இருக்கும் கோப்புறையின் எழுதும் பிட்டும் எக்ஸும்தான். 444 என்று பூட்டி வைத்த கோப்பைக்கூட உங்கள் கோப்புறையிலிருந்து தாராளமாக அழிக்கலாம்.

எனவே முதலில் 'ஐடி' கட்டளையைக் கொடுத்து, கணினி உங்களை எந்த எண்ணாக, எந்தக் குழுக்களில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். புதிதாக ஒரு குழுவில் சேர்த்திருந்தால், வெளியேறி மறுபடி உள்நுழையும்வரை அது செல்லாது. அடுத்து 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுங்கள். வேரிலிருந்து ('/' என்ற உச்சிக் கோப்புறை) கோப்புவரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் பிட்டுகளும் வரிசையாக வரும். மேலிருந்து படித்து வந்தால், உங்களுக்கு எக்ஸ் இல்லாத முதல் கோப்புறைதான் கோளாறு இருக்கும் இடம். 'எல்எஸ் -எல்' காட்டும் பிட்டுகளின் கடைசியில் '+' குறி இருந்தால் கூடுதல் விதிகள் உள்ளன என்று பொருள். 'கெட்எஃப்ஏசிஎல்' அவற்றைக் காட்டும்.

பிழைச் செய்தியின் சொற்களையும் கவனியுங்கள். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வேறு கதை: பிறருடைய கோப்பின் பிட்டுகளை மாற்றப் பார்த்திருப்பீர்கள், அல்லது அது மாற்றமுடியாதது என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறி இருக்கும்வரை, இரண்டாவது வகையை எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டாலும் அசைக்க முடியாது. 'எல்எஸ்ஆட்ர்' காட்டும் வரியில் 'ஐ' என்ற எழுத்து இருந்தால், 'சிஹெச்ஆட்ர் -ஐ' கொடுத்து அதை எடுக்க வேண்டும். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் அனுமதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வட்டில் பிழை கண்டு கெர்னல் எழுதுவதை நிறுத்தியிருக்கலாம். தரவை நகலெடுத்துவிட்டுப் பிறகு வட்டைச் சோதியுங்கள். விண்டோஸின் வட்டுப் பகுதி என்றால், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால் விண்டோஸ் முழுதாக அணையாமல் இருந்திருக்கும்.

வெளி வட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 வடிவ வட்டு உரிமையாளரின் பெயரைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் முதல் பயனருக்கு 1000 கிடைக்கும். இன்னொரு கணினியில் உங்கள் எண் 1001 என்றால், உங்கள் சொந்த வட்டே உங்களை அந்நியராக நடத்தும். 'எல்எஸ் -எல்என்' எண்களை அப்படியே காட்டிவிடும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வட்டுகளில் உரிமையாளர் என்ற பதிவே கிடையாது. அங்கே மவுண்ட் செய்யும்போது, அதாவது வட்டைக் கோப்புறை அமைப்போடு இணைக்கும்போது, தரும் யூஐடி (உரிமையாளர் எண்), யூமாஸ்க் (விலக்கும் அனுமதிகள்) தேர்வுகள்தான் எல்லாம், சிஹெச்மாட் எடுபடாது. 755 கொடுத்த ஸ்கிரிப்டும் ஓட மறுத்தால், அந்த வட்டு நிரல்களை இயக்கத் தடை போடும் 'நோஎக்ஸெக்' தேர்வோடு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக் கணினியில் அடிக்கடி நடப்பது, ரூட் அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்டும் சூடோவின் கைவரிசை. வரைகலை நிரல் ஒன்றைச் சூடோவோடு திறந்தால், அது உங்கள் ஹோம் கோப்புறையில் எழுதும் அமைப்புக் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடலாம். வரைகலைத் திரையைத் திறக்க உதவும் '.எக்ஸ்அதாரிட்டி' கோப்பு அப்படி மாறினால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரக்கூடும். 'ஃபைண்ட் ~ -யூசர் ரூட்' என்று தேடி, அகப்பட்டவற்றை மட்டும் 'சிஹெச்ஓன்' கொண்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

ஒரு கோப்புறையையும் அதற்குள் இருக்கும் மரம் முழுவதையும் திருத்தும்போது ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் கொடுக்காதீர்கள்; படங்களும் கடிதங்களும் இயங்கும் நிரல்களாகிவிடும். 'ஃபைண்ட்' கட்டளையில் '-டைப் டி' என்று பிரித்துக் கோப்புறைகளுக்கு 755, '-டைப் எஃப்' என்று பிரித்துக் கோப்புகளுக்கு 644 கொடுங்கள். அந்தரங்கமானவற்றுக்கு 700, 600. வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரலின் தனிச் சாவியை மற்றவர்களும் படிக்க முடிந்தால், அந்த நிரல் அதைப் பயன்படுத்தவே மறுக்கும். 600 வைத்தால் ஏற்கும். வேரிலிருந்து 777 ஓடவிட்டவர்களுக்குச் சூடோவே வேலை செய்யாது, ஏனெனில் அதற்கு வேண்டிய, நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவிடும் செட்யூஐடி பிட்டும் அந்தக் கட்டளையில் அழிந்துபோகும். அந்த நிலையில் தரவை வெளியே எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் குறைந்த வேலை.